சத்தம் எடுப்பவன்

பருப்பு தீயும் வாசனை கூடத்துக்கு வந்த பிறகுதான் அடுப்பில் குக்கர் இருக்கிற ஞாபகமே தாஹாவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். கீழே சந்தில் கொய்யாப்பழ வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார், எதிர்வீட்டில் தையல் மிஷின் விட்டு விட்டு ஓடியது, தலைக்கு மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது, குளியலறைக் குழாய் பக்கெட்டில் சொட்டியது. எல்லாம் கேட்டது.

எழுந்து சமையற்கட்டுக்குப் போனவன் வாசலிலேயே நின்றான். உள்ளே நீராவி மூட்டமாக இருந்தது. குக்கரின் குண்டு துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து ஆவி கோபமாகப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. ஆனால் விசில் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்ட டிவியைப் பார்ப்பதுபோல் தாஹா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். கன்னத்தில் சூடு அடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மாடியில் துணி எடுக்கப் போயிருந்த ஜஹானாரா மூச்சிரைக்க ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"என்னங்க இது? மாடி வரைக்கும் விசில் கேக்குது, நீங்க பக்கத்துலயே நின்னுட்டு வேடிக்கை பாக்குறீங்க?"

"கண்ணசந்துட்டேன்" என்றான் தாஹா. நின்றுகொண்டே கண்ணசந்தவனை அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சத்தம் என்று வந்துவிட்டால் திருச்சியில் தாஹாவை விட்டால் ஆளில்லை என்று பெயர். பாலக்கரையில் அவனுக்கு ஒரு பட்டறை. ஷார்ஜாவில் கார் கம்பெனியில் இருந்தபோது கற்ற வேலை. டர்போ வண்டிகளின் விசிலையும், இன்ஜின் காற்றை இழுக்கும்போது வரும் பெரிய பெருமூச்சையும் அடக்கித் தருவான். ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு உள்ளே கறுப்புப் பஞ்சு ஒட்டுவான். காற்றுக்குழாயின் பக்கவாட்டில், சத்தத்தை விழுங்குவதற்கென்றே ஒரு வெற்று டப்பாவைப் பொருத்துவான். இணைப்புகளை எல்லாம் மாற்றி இறுக்குவான். தஞ்சாவூரிலிருந்துகூட வண்டி வரும். "தாஹா பாய் கை வச்சா வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாது" என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்குச் சோறே வேண்டாம் அவனுக்கு. அந்தப் பாராட்டு ஆசைதான் அவனைக் கெடுத்தது.

ஆவணி மாதம் இருதயநாதன் சார் வந்தார். மேலப்புதூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தாஹாவுக்கே ஒரு வருஷம் பாடம் எடுத்தவர். கூடவே மனைவி லூர்துராணி. சந்தன நிறத்தில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, பட்டறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாஹாவின் மகளுக்கென்று கொண்டுவந்த அச்சு முறுக்கு டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, காரு ஊளையிடுதுப்பா. அதைக் கேட்டா எனக்கு நெஞ்சு படபடங்குது" என்றார் அந்த அம்மா. "நான் கார்ல ஏறுறதே பின்சீட்டுல சாஞ்சு தூங்கத்தான். இப்ப தூங்கவே விடமாட்டேங்குது. நாளைக்குப் பூண்டி மாதா கோயிலுக்குப் போறோம். அதுக்குள்ள அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக் குடுத்துடு."

டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. இன்ஜின் வெளியே விடும் புகையில் சுற்றி, உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும். தாஹா நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். விசிலுக்கு அடியில் மணல் அரைபடுவதுபோல் ஒரு நறநறப்பு. வண்டியை அணைத்துவிட்டு உள்ளே விரலை விட்டு அச்சை ஆட்டிப் பார்த்தான். ஆடியது. ஆடக் கூடாது. அச்சு தேய்ந்தால் ஆயில் கசிந்து காற்றோடு உள்ளே போகும். அளவு மீறிப் போனால் டீசல் இன்ஜினுக்கு அப்புறம் டீசலே வேண்டாம். தன் ஆயிலையே குடித்துக்கொண்டு வெறிபிடித்தாற்போல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அந்த ஊளை சும்மா வந்த சத்தமல்ல. என்னைப் பார், என்னைப் பார் என்று வண்டி கத்திக்கொண்டிருந்தது.

தாஹாவுக்கு இது நன்றாகத் தெரியும். புது டர்போ சென்னையிலிருந்து வர நாளாகும். வண்டியை எடுக்காதீர்கள் என்று சொன்னால் அந்த அம்மாவின் முகம் வாடும். தாஹாவால் ஒரு சத்தத்தை எடுக்க முடியவில்லை என்று ஆகும். அவன் பஞ்சை வெட்டி ஒட்டினான், டப்பாவைப் பொருத்தினான், இணைப்புகளை இறுக்கினான். சாயங்காலம் வண்டி பூனை மாதிரி நின்றது.

"போயிட்டு வாங்கம்மா. வந்ததும் இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றான்.

கல்லணை தாண்டி வாய்க்கால் ஓரச் சாலையில் வண்டி தண்ணீருக்குள் போய்விட்டது. சார் பிழைத்தார். பின்சீட்டில் இருந்தவர் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, கையில் கட்டோடு சார் பட்டறைக்கு வந்தார். சட்டையைப் பிடித்து உலுக்கப்போகிறார் என்று தாஹா நினைத்தான். அவர் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன் தம்பி. கடைசி வரைக்கும் அவ நிம்மதியா தூங்கிட்டு வந்தா. அந்த ஊளை இல்ல பாருங்க." கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டார். "சாவிய எடுத்துட்டேன் தம்பி. கையிலதான் இருந்துச்சு. ஆனாலும் வண்டி போயிக்கிட்டே இருந்துச்சு. இதைச் சொன்னா போலீஸ்ல சிரிக்கிறாங்க. பயத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருப்பேன்னு என் பையனும் சொல்றான். வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்போல. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

சாவி இல்லாமலும் ஓடும் சார். நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. உங்களுக்குப் புத்தி பிசகவில்லை. நான்தான் அதன் வாயைக் கட்டி அனுப்பினேன். எல்லாம் தாஹாவின் தொண்டை வரை வந்தது. அவனுக்குத் தன்மேல் அப்படியொரு அருவருப்பு வந்தது. அருவருப்போடு அருவருப்பாக அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். சார் போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

குக்கர் ஊதாமல் போனது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. சந்துமுனை நாய் காலைக் கவ்விய பிறகுதான் அது உறுமியிருக்கும் என்பதே அவனுக்குத் தெரிந்தது. பட்டறையில் ரிவர்ஸ் எடுத்த வேன் அவன் இடுப்பில் இடித்தது. பீப் பீப் என்று அடித்ததே என்று டிரைவர் சத்தியம் செய்தார். காந்தி மார்க்கெட் எதிரே ரோட்டைக் கடக்கும்போது ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டது. முகத்தில் அனல் அடிக்க ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. இழுத்தவர் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் சேக் மைதீன்.

"பாய், காது கேக்கலையா? அவ்வளவு பெரிய ஹாரன்! ஊரே திரும்பிப் பாக்குது!"

ஊர் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வெங்காய மூட்டை தொப்பென்று விழுவது கேட்டது. யாரோ ஒருத்தி பேரம் பேசுவது கேட்டது. டீக்கடையில் கிளாஸ் கழுவுவதுகூடக் கேட்டது. ஹாரன் மட்டும் கேட்கவில்லை.

காது டாக்டரிடம் போனான். ஹெட்ஃபோனில் வந்த எல்லாச் சத்தத்துக்கும் சரியாகக் கையைத் தூக்கினான். நல்ல காது என்று டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான் தாஹாவுக்கு விஷயம் பிடிபட்டது. காதில் கோளாறு இல்லை. ஆபத்து வருகிறது என்று சொல்லும் சத்தங்கள் மட்டும் தன்னிடம் வருவதை நிறுத்திவிட்டன. யாரோ உட்கார்ந்து, பொறுமையாகப் பஞ்சு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அளவாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் அவன் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் குளியலறையில் மகள் அஃப்ஷீன் வழுக்கி விழுந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. ஜஹானாரா வந்து தூக்கும்வரை அவன் கண்ணாடியைப் பார்த்துத் தாடையை மழித்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது பிள்ளையின் வாய் அகலத் திறந்திருந்தது. நெற்றியில் ரத்தம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு அழுகைக்கும் அவனுக்கு ஒரு முணுமுணுப்புக்கூட வந்து சேரவில்லை. ஜஹானாரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனித் தாங்காது என்று அன்றைக்கு முடிவு செய்தான். சாரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்.

சார் இப்போது ஸ்ரீரங்கத்தில், மகன் ஆசீரின் அபார்ட்மென்ட்டில் இருந்தார். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து தாஹா காரை எடுத்தான். தானும் வருவேன் என்று அஃப்ஷீன் அடம்பிடித்தாள். கூட்டிக்கொண்டான். பிள்ளை பக்கத்தில் இருந்தால் சார் கத்தமாட்டார் என்று ஒரு கணக்கு. அந்தக் கோழைத்தனமும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது, பெருமழை பிடித்துக்கொள்ளும்போல் வானம் தாழ்ந்து கிடந்தது. அவனுடைய காரும் பழைய டீசல் வண்டிதான். ஊரிலேயே சத்தமில்லாத டீசல் என்று அவனே பெருமையடித்துக்கொண்டது. காவிரிப் பாலத்தில் ஏறும்போது பின்சீட்டிலிருந்து அஃப்ஷீன் சொன்னாள்.

"அத்தா, காரு அழுவுது."

"என்னடா?"

"ஊஊஊன்னு அழுவுது. உங்களுக்குக் கேக்கலையா?"

டயர் தண்ணீரில் போகும் சளசளப்பு கேட்டது. வைப்பர் தேய்ப்பது கேட்டது. பின்னால் யாரோ போனில் சிரித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போவதுகூடக் கேட்டது. ஊளை மட்டும் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லடா" என்றான்.

சார் இளைத்துப்போயிருந்தார். மகனும் மருமகளும் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவரே காபி போட்டுக் கொடுத்தார். சுவரில் லூர்துராணியின் படம், மாலை, சின்ன பல்பு. அஃப்ஷீன் ஜன்னலில் மழை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான் தம்பி. மறதி நோய்க்கு மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார் சார். "சாவிய எடுத்தேன்னு நான் இன்னும் சொல்லிட்டிருக்கேன்ல, அதுக்குத்தான். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?"

தாஹா வாயைத் திறந்தான்.

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

தன் குரல் தனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

கிளம்பும்போது மழை வலுத்துவிட்டது. சார் உள்ளே போய் எதையோ எடுத்துவந்தார். சந்தன நிறச் சால்வை.

"பாப்பாவுக்குப் போத்திவிடுங்க. குளிரும். அவ பொருளை வீட்ல வச்சுப் பாத்துட்டிருக்க முடியல எனக்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் தாஹா கையை நீட்டினான். கை வாங்கிக்கொண்டது.

குடை பிடித்துக்கொண்டு சார் கேட் வரைக்கும் வந்தார். அஃப்ஷீன் பின்சீட்டில் ஏறிச் சால்வையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தாஹா ஸ்டார்ட் செய்தான். நின்ற இடத்தில் வண்டி மென்மையாக நடுங்கியது. சார் நகரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, போர்டில் யாரோ போட்ட கணக்கைச் சரிபார்ப்பதுபோல், பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி."

"சார்?"

"இந்தச் சத்தம்... எங்க வண்டில வந்துச்சே, அதே சத்தம். இது எதனால வருது?"

மழை குடைமேல் விழுவது கேட்டது. இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. ஒரு வார்த்தை போதும். வண்டியை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். இந்த மனிதர் அந்த மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார். பிள்ளையை ஆட்டோவில் கூட்டிப்போகலாம். தேய்ந்த டர்போவோடு ஓட்டக் கூடாது என்று இந்த ஊரில் தாஹாவைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஆனால் இறங்கினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வரும்.

வீடு வரைக்கும்தானே. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"அது ஒண்ணுமில்ல சார்" என்றான் தாஹா. "எல்லா டர்போவும் அப்படித்தான்."

கண்ணாடியை ஏற்றினான். குடையின் கீழ் நின்ற மனிதர் தலையாட்டியதைப் பார்த்தான். நம்பிவிட்டார். மறுபடியும் நம்பிவிட்டார்.

மாம்பழச் சாலையில் விளக்குகள் போட்டுவிட்டிருந்தார்கள். பூக்கடைகளில் பாலித்தீன் விரித்திருந்தார்கள். ஈர மல்லிகை வாசனை கண்ணாடி மூடிய காருக்குள்ளும் வந்தது. அதற்குப் பின்னால், மெதுவாக, வேறொரு வாசனை. முதலில் பருப்பு தீய்ந்ததுபோல் இருந்தது. அப்புறம் அது என்ன என்று தெரிந்தது.

சுட்ட ஆயில்.

பாலத்தில் ஏறிவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். கீழே ஆறு கறுப்பாகப் பெருகி ஓடியது. தாஹா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

வேகம் காட்டும் முள் இறங்கவில்லை. ஏறியது.

பின்கண்ணாடியில் வெள்ளைப் புகை. பாலம் தெரியவில்லை. பின்னால் வந்த வண்டிகளின் விளக்குகள் தெரியவில்லை. வெள்ளை மட்டும்.

பிரேக்கை மிதித்தான். கல்லாக இருந்தது. கிளட்சை மிதித்தான். கால் எதிலும் படாமல் தொபுக்கென்று இறங்கியது.

சாவியைத் திருப்பினான். விளக்குகள் அணைந்தன. வைப்பர் பாதியில் நின்றது. சாவியை உருவினான். கையில் இருந்தது. ஈரமான, சின்னச் சாவி.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஸ்டியரிங் கைக்குள் துடித்தது. அப்படியென்றால் இன்ஜின் அலறிக்கொண்டிருக்க வேண்டும். பாலமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அலற வேண்டும். எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பி வாயைப் பிளந்தார்கள். முன்னால் ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்கு. பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது.

காருக்குள் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமாக எந்த வண்டியிலும் அவன் சத்தத்தை எடுத்ததில்லை.

அஃப்ஷீன்.

மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான்.

பிள்ளை முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. அத்தா, அத்தா என்று அந்த உதடுகள் திறந்து திறந்து மூடின.

அவளுக்குப் பக்கத்தில், சந்தன நிறச் சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, நனைந்த தலையை ஜன்னலில் சாய்த்து, அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.